கீர்த்திவாசன் குழல்

ஊட்டிக் காந்தலில் கீர்த்திவாசன் வீட்டில் மொத்தம் பதினான்கு பழைய வாக்குவம் கிளீனர்கள் இருக்கின்றன. வீட்டைப் பெருக்குவது என்னவோ அவர் மனைவி தாரிணியின் சீமாறுதான். பதினான்கில் பன்னிரண்டு ஓடாது. ஓடுகிற இரண்டில் ஒன்றைப் போட்டால் பக்கத்து வீட்டு டிவியில் கோடு விழும். மற்றது உறிஞ்சுவதைவிட அதிகமாகத் துப்பும். இவற்றின் மேல் படிகிற தூசியைத் துடைப்பதற்கென்றே தாரிணி அவருடைய பழைய பனியன்களைக் கிழித்து ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறாள்.

"ஏனுங்க, தூசி எடுக்கற மிசினுக்கே தூசி தட்டற ஊடு இந்த ஊட்டியிலயே நம்மூடு ஒண்ணுதானுங்க" என்பாள். கீர்த்திவாசனுக்குக் கோபம் வராது. அடுத்த நாள் ஆபீசில் அதைத் தானே சொல்லிச் சிரிப்பார்.

எப்படி ஆரம்பித்தது என்று கேட்டால் அவருக்கே கொஞ்சம் வெட்கம். குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவில் சாமான்களை ஏலம் விட்டார்கள். நல்லதாக ஒரு தேக்கு நாற்காலி எடுக்கலாம் என்று போனார். நாற்காலிக்குக் கை தூக்குவதற்குள் நாலு பேர் தூக்கிவிட்டார்கள். கடைசியில் யாருமே கை தூக்காத ஒரு பொருள் வந்தது. யாரும் தூக்கவில்லையே என்ற பரிதாபத்தில் இவர் கை தானாக மேலே போயிற்று. இப்படியாகத்தான் ஒரு நிபுணர் உருவானார்.

ஆமாம், நிபுணர். அதை அவர் சொல்லிக்கொள்ளவில்லை, வாட்ஸ்அப் குழுவில் சொன்னார்கள். பழைய வாக்குவம் கிளீனர் சேகரிக்கிறவர்களுக்கு ஒரு குழு இருக்கிறது என்றால் நம்புவதற்கு யாருக்கும் இரண்டு நிமிஷம் ஆகும். கோயம்புத்தூர், பெங்களூர், கொச்சி என்று நூற்று எண்பத்து மூன்று பேர். யாராவது ஒரு படத்தைப் போட்டு "இது எந்தக் காலத்து மெஷின்?" என்று கேட்டால், கீர்த்திவாசன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்காருவார். சக்கரம் வைத்ததா, சறுக்குப் பட்டை வைத்ததா, வயருக்குத் துணி சுற்றியிருக்கிறதா, ஸ்விட்ச் பழைய பேக்லைட் பிளாஸ்டிக்கா, மூடியைப் பூட்டுகிற கொக்கி எந்தப் பக்கம் மடங்குகிறது என்றெல்லாம் பார்த்து வருஷம் சொல்வார். பெரும்பாலும் சரியாக இருக்கும். ஒரே ஒரு தடவை இரண்டு நாள் வாதாடி ஒரு மெஷினை உலகப் போர்க் காலத்தியது என்று நிரூபித்தார். அது சுவருக்குப் பெயின்ட் அடிக்கிற மெஷின் என்று மூன்றாம் நாள் தெரிந்தது. அன்று தன்னைப் பற்றித் தானே குழுவில் ஒரு ஜோக் அடித்துத் தப்பித்துக்கொண்டார்.

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் முப்பத்திரண்டு வருஷம் அரசாங்க ஆபீசில் குமாஸ்தாவாக உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். அவர் எழுதிய கடிதங்கள் ஆயிரக்கணக்கில் வெளியே போயிருக்கின்றன. எல்லாவற்றின் அடியிலும் வேறு யாரோ ஒருவருடைய பேர். இன்னும் ஏழு மாதத்தில் ஓய்வு. ஒரு மாலை, ஒரு சால்வை, ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அதற்குள் எங்கேயாவது ஒரு காகிதத்தில் தன் பேர் அச்சாகிப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது. கல்யாணப் பத்திரிகையும் ரேஷன் கார்டும் கணக்கில் சேராது.

அந்த ஆசைக்கு வழி சித்திரை மாதத்தில் வந்தது. பழைய சாமான் கடை பாலு ஒரு மெஷினைக் கோணிப்பையில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். நல்ல கனம். நீளமான உருளை, அடியில் சக்கரத்துக்குப் பதிலாக இரண்டு இரும்புச் சறுக்குப் பட்டைகள். முன்பக்கம் தூசியை உறிஞ்சும், பின்பக்கம் காற்று வெளியே போகும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறை ஒட்டியது என்று கோணியைப் பிரித்த நிமிஷமே சொல்லிவிட்டார். அதுவரை எல்லாம் சரி.

பின்பக்கத்தில்தான் வினை. காற்று வெளியேறும் வாயில் தகரத்தால் ஒரு கூம்பு பொருத்தியிருந்தது. சுற்றிலும் வரிசையாகப் பொத்தல்கள். உள்ளே கம்பிவலையில் ஒரு சின்னக் கிண்ணம். கூம்பின் உட்புறத்தில் மங்கலாக ரோஜாப்பூ அலங்காரம். எந்தக் கம்பெனியின் எந்தப் பட்டியலிலும் இப்படி ஒரு உறுப்பு கிடையாது. கீர்த்திவாசன் மூக்கை உள்ளே விட்டு முகர்ந்தார். மூக்கு உடனே "சாம்பிராணி" என்றது. மூளை அதை அதட்டி உட்கார வைத்தது. துரைமார் பங்களாவில் சாம்பிராணி ஏது?

அன்று சாயங்காலமே குழுவில் ஆங்கிலத்தில் பதினோரு பத்தி எழுதினார். நீலகிரி ஈரத்தில் பங்களாத் திரைச்சீலைகளில் பூஞ்சை வாடை அடிக்கும். அதைப் போக்க, மலைவாசத் தலங்களுக்கென்றே கம்பெனி தனியாகச் செய்து அனுப்பிய வாசனைக் குழல் இது. உள்ளே உள்ள ரோஜா அலங்காரம் சீமாட்டிகளின் ரசனையைக் காட்டுகிறது. மிச்சமிருக்கும் வாசம் ஏதோ ஒரு சீமைப் பைன் பிசினுடையதாக இருக்கலாம். உலகத்திலேயே இது ஒன்றுதான் மிஞ்சியிருக்கக்கூடும். இப்படி ஒரு வரிக்குமேல் ஒரு வரி ஏறிக்கொண்டே போனார், இறங்கவே இல்லை.

குழுவை நடத்துகிறவர் சிவகுரு. கோயம்புத்தூரில் மில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். குழுவின் முதல் நேரடிக் கூட்டத்தை ஐப்பசியில் ஊட்டியில் வைப்பதாகவும், அதற்கு ஒரு புத்தகம் போடுவதாகவும் திட்டம். அவர் போன் பண்ணினார்.

"சார், படிச்சு அசந்து போயிட்டனுங்க. இந்த அயிட்டத்துக்குப் பேரே இல்லீல்லங்க, உங்க பேரையே வெச்சரலாமுங்க. 'கீர்த்திவாசன் நாசில்'. எப்படிங்க?"

கீர்த்திவாசன் "அய்யோ, அதெல்லாம் எதுக்குங்க" என்று மூன்று தடவை சொன்னார். நாலாவது தடவை சொன்னால் எங்கே ஒத்துக்கொண்டுவிடுவாரோ என்று பயந்து நிறுத்திக்கொண்டார்.

"ஒரே ஒரு வரி மட்டும் வேணுமுங்க. எந்த பங்களாவுல இருந்ததுன்னு. அது கெடைச்சா போட்டர்றேன், கெடைக்காட்டி உட்டுட்டு அடிச்சர்றேன்."

பாலுவிடம் கேட்டதில், நடுவட்டத்தில் ஒரு எஸ்டேட்டில் பழைய கட்டடம் ஒன்றை இடித்தபோது எடுத்தது என்றார். கட்டடம் என்றால் பங்களா என்று இவராக முடிவு செய்துகொண்டார். லீவு கிடைக்காமல் தள்ளித் தள்ளி, புரட்டாசி கடைசியில் ஒரு சனிக்கிழமை கூடலூர் பஸ் ஏறி நடுவட்டத்தில் இறங்கினார். மழை பெய்யவில்லை, பனிமூட்டமாக அந்தரத்தில் நின்றிருந்தது. டீக்கடையில் செல்போன் படத்தைக் காட்டி, புத்தகத்தில் போடுவதற்கு என்று சொல்லி விசாரித்தார். கடைக்காரர் படத்தை இரண்டு பக்கமும் சாய்த்துப் பார்த்துவிட்டு, பெஞ்சில் பன் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாளிடம் போனை நீட்டினார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். தலையில் மப்ளர், உடம்பில் ஆண்பிள்ளை ஸ்வெட்டர். பேர் கருப்பம்மா, அந்த எஸ்டேட்டில்தான் வேலை பார்த்தவள் என்றார் கடைக்காரர்.

கருப்பம்மா படத்தைப் பார்த்த நிமிஷம் பன் கையிலேயே நின்றுவிட்டது.

"அடியாத்தே, இது எங்க பிள்ளைமடுவத்து மிசினில்லையா!"

"பிள்ளைமடுவமுங்களா?"

"பொம்பளைக கொழுந்தெடுக்கப் போகையில கைப்பிள்ளைகள விட்டுட்டுப் போற எடமுங்கய்யா. சிலோன்ல அப்பிடித்தான் சொல்லுவோம். இங்க வந்து அம்பது வருசமாச்சு, வாய்ல இன்னும் அதுதான் வருது. அந்தப் பிள்ளைமடுவத்துல நான்தான் ஆயா. இருவத்தாறு வருசம்."

கீர்த்திவாசன் பொறுமையாகத் திருத்தப் பார்த்தார். இது பங்களாச் சாமான், துரைசாணி வாசனைக்காக வைத்திருந்தது என்றார். கருப்பம்மா அவரைப் பால்வாடிக் குழந்தையைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள்.

"பங்களாதான். இல்லைங்கல. தொரை புதுசு வாங்கினதும் இதத் தூக்கி வீசச் சொன்னாரு. எங்க வீட்டுக்காரரு பழனியாண்டி, பாக்டரில பிட்டரு. அவருதான் தூக்கியாந்தாரு. மழ மாசத்துல பிள்ளைகளோட பீத்துணி எங்கய்யா காயும்? இதுக்குப் பின்னால வெதுவெதுன்னு காத்து வருமில்ல, அத ஒரு தேயிலைப் பெட்டிக்குள்ள விட்டு, உள்ள கம்பி கட்டித் துணியத் தொங்க விட்டாரு. ஒரு மணி நேரத்துல மொறமொறன்னு காஞ்சிரும்."

"அந்தக் கூம்பு?"

"பிஸ்கோத்து டின்னு. வெட்டிச் சுத்திலும் ஆணியால பொத்தல் போட்டாரு. உள்ள பாருங்க, பூப் போட்டிருக்கும்."

"அந்த வலைக்கிண்ணம்?"

"டீ வடிகட்டி. அதுல சாம்பிராணி போடுவோம். எம்புட்டுத் தொவச்சாலும் மூத்திர வாடை போவாதில்ல."

கீர்த்திவாசன் டீக்கடை பெஞ்சில் மெல்ல உட்கார்ந்தார். பதினோரு பத்தி. சீமாட்டிகளின் ரசனை. சீமைப் பைன் பிசின். நூற்று எண்பத்து மூன்று பேர் கைதட்டும் பொம்மை போட்டிருக்கிறார்கள். பீத்துணி காய வைத்த மெஷினுக்குள் மூக்கை விட்டு முகர்ந்து, அதற்குத் தன் பேரையும் வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்ட ஒரே ஆள் இந்தப் பூமியில் தானாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது. சிரிப்பு வந்துவிட்டது. கருப்பம்மாவும் என்ன ஏது என்று தெரியாமல் கூடச் சிரித்தாள்.

சிரித்து முடித்ததும் பன்னில் மிச்சத்தை டீயில் நனைத்தபடியே சொன்னாள்:

"அதுக்கு முன்னாடி ஈரத்துணியிலதான் பிள்ளைகளச் சுத்திப் போடுவோம். வேற வழி? ஒரு ஆடி மாசம் நெஞ்சுச் சளியில ரெண்டு பிள்ளைக போயிருச்சுங்கய்யா. ஒண்ணு எங்களுது. காத்தமுத்து. பதினோரு மாசம். அதுக்குப் பொறவுதான் அவரு இதச் செஞ்சாரு. செஞ்ச பொறவு ஒண்ணு போவல."

அவமானம் என்று ஒன்று உண்டே, அது கீர்த்திவாசனுக்கு அப்போதுதான் வந்தது. சற்று முன் வந்தது வெறும் வெட்கம்.

"இதப் பொஸ்தகத்துல போடப் போறீங்கன்னீங்களே, அவரு பேரு வருமாய்யா?"

தலை தானாக ஆடியது. ஆமாம் என்றுதான் ஆடியது. ஐப்பசியில் கூட்டம், ஊட்டியில் எந்த மண்டபம் என்றெல்லாம் வாய் வேறு சொல்லித் தொலைத்தது.

பஸ்ஸிலிருந்தே சிவகுருவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார்.

"அடடா, நேத்தே பைண்டிங் முடிஞ்சுருச்சுங்களே சார். உங்க பேரு பெரிய எழுத்துல, இருவத்து மூணாம் பக்கத்துல, படத்தோட வந்திருக்குதுங்க. உடுங்க, யாருக்குத் தெரியப் போகுது? அந்தம்மா இங்கிலீசா படிக்கப் போறாங்க?"

இதைக் கேட்டுக் கீர்த்திவாசன் துடித்துப் போனார் என்று எழுத ஆசைதான். அவருக்கு வந்தது நிம்மதி. தான் சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று, அச்சகம் முந்திக்கொண்டது, இதில் தன் தப்பு என்ன இருக்கிறது என்று பைக்காரா தாண்டுவதற்குள் முழுசாகச் சமாதானமாகிவிட்டார். பெரிய எழுத்து என்றாரே, எவ்வளவு பெரிதாக இருக்கும் என்றுகூட ஒரு யோசனை ஓடியது. அந்த யோசனை ஓடியதற்காகத் தன்னையே நாலு வார்த்தை திட்டிக்கொண்டார். திட்டிய பிறகும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

தாரிணியிடம் சொன்னபோது அவள் கேலி பண்ணவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"அந்தம்மா வந்து நின்னா எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் பேசுவீங்க?"

"நடுவட்டத்துல இருந்து அவங்க எங்க வரப் போறாங்க" என்றார்.

வந்தாள். கூட்டத்தன்று காலை ஒன்பதரைக்கெல்லாம் மண்டப வாசலில் நின்றிருந்தாள். மப்ளரை எடுத்துவிட்டுத் தலை வாரிப் பூ வைத்திருந்தாள், ஸ்வெட்டர் மட்டும் அதேதான். தாரிணி அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். மேடையில் மெஷின் மஞ்சள் துணி விரித்த மேஜைமேல் கிடந்தது. கருப்பம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியூரிலிருந்து வந்த நாற்பது பேரும் அதைப் படம் எடுத்தார்கள்.

சிவகுரு பேசினார். புத்தகக் கட்டைப் பிரித்து முதல் பிரதியைக் கீர்த்திவாசன் கையில் கொடுத்தார். வழவழப்பான தாள். இருபத்து மூன்றாம் பக்கம். மேலே தலைப்பில் அவர் பேர், கொட்டை எழுத்தில், ஆங்கிலத்தில். முப்பத்திரண்டு வருஷத்துக்கும் சேர்த்து வைத்தது மாதிரி அவ்வளவு பெரிதாக இருந்தது. தாரிணி பார்க்கட்டும் என்று அதை எடுத்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி வந்தார்.

கருப்பம்மா கை நீட்டிப் புத்தகத்தை வாங்கி மடியில் விரித்துக்கொண்டாள்.

"இதுல அவரு பேரு எங்கய்யா இருக்கு?"

பேனா பிடித்தே காலம் தள்ளிய மனுஷன். பக்கம் முழுக்கத் தேடுகிற மாதிரி ஒரு நடிப்பு நடித்தார். பிறகு விரல் போய்த் தலைப்பில் நின்றது.

"இதானுங்கம்மா."

"இம்புட்டுப் பெருசாவா?" கருப்பம்மா அந்த எழுத்துகளை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும் விரலால் தடவினாள். துணி துவைத்துத் துவைத்துத் தேய்ந்த விரல். தடவிய விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

தன் பேர் அச்சில் வந்தால் எப்படி இருக்கும் என்று கீர்த்திவாசன் எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்திருக்கிறார். அதை ஒருத்தி கண்ணில் ஒற்றிக்கொள்வாள் என்று மட்டும் நினைக்கவில்லை. அதுவும் வேறு ஒருவரின் பேர் என்று நம்பிக்கொண்டு. இனி ஒரு நிமிஷம்கூடத் தாங்காது என்று தெரிந்தது.

"அம்மா, பொய் சொல்லிட்டனுங்க. அது என் பேருங்க."

கருப்பம்மா விரலை எடுத்தாள். அவரைப் பார்த்தாள், புத்தகத்தைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பேனா வெச்சிருக்கீங்கல்ல?" என்றாள். "மாத்தி எழுதுங்க."

அரசாங்க ஆபீசில் பிழை திருத்துவதற்கு ஒரு முறை இருக்கிறது. பிழையைச் சுரண்டக் கூடாது, மேலே வெள்ளை மை பூசக் கூடாது. ஒரே ஒரு கோடு, அடியில் இருப்பது படிக்கிற மாதிரி. மேலே சரியானதை எழுதி, யார் திருத்தியது என்று தெரிவதற்கு ஓரத்தில் சுருக்கொப்பம். கீர்த்திவாசன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் தன் பேரின் குறுக்கே கோடு போட்டார். மேலே தமிழில் எழுதினார். ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டார். பிறகு மேடையேறி மைக்கைப் பிடித்து, பங்களா, பிள்ளைமடுவம், பிஸ்கட் டின், டீ வடிகட்டி, காத்தமுத்து என்று ஒன்று விடாமல் சொன்னார். பீத்துணி என்ற இடத்தில் மண்டபமே சிரித்தது. இவரும் சிரித்தார். காத்தமுத்து என்ற இடத்தில் யாரும் சிரிக்கவில்லை.

"சார், அச்சடிச்ச புஸ்தகத்துல கிறுக்கறீங்களே!" என்று சிவகுரு பதறினார். ஆனால் அதற்குள் முன்வரிசையிலிருந்து ஒருவர் தன் பிரதியை நீட்டி, எனக்கும் திருத்திக் கொடுங்கள் என்றார். அவர் பின்னால் இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் மேஜை முன்னால் வரிசை நின்றுவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கீர்த்திவாசனிடம் கையெழுத்து வாங்க ஆட்கள் வரிசையில் நின்றார்கள், அவர் சொன்னது தப்பு என்பதற்கு. அவருக்கே அது வேடிக்கையாக இருந்தது. கை வலிக்க வலிக்கக் கோடு போட்டார்.

கருப்பம்மா எழுந்து வரவில்லை. முதல் பிரதியைத் தாரிணியிடம் நீட்டினாள்.

"நீங்க படிங்கம்மா. இந்தய்யாவ இனி நம்ப முடியாது."

"பழனியாண்டி, ஃபிட்டர், நடுவட்டம்" என்று தாரிணி சத்தமாகப் படித்தாள். "சரியாத்தானுங்கம்மா எழுதியிருக்காரு."

கருப்பம்மா இந்தத் தடவை கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை. திருப்பிப் படிக்கச் சொன்னாள். மூன்றாவது தடவையும் படிக்கச் சொல்லிக் கேட்டாள். வரிசை தீர்ந்து கீர்த்திவாசன் கையை உதறிக்கொண்டு வந்தபோது பக்கத்தின் ஓரத்தில் விரலை வைத்தாள்.

"இது என்னய்யா, கோழி கிளறுன மாதிரி?"

"அது நானுங்கம்மா" என்றார். "தப்பா எழுதுனவன்."

கருப்பம்மா அந்தக் கிறுக்கலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். புத்தகத்தை மூடி ஸ்வெட்டருக்குள் பத்திரமாகச் செருகிக்கொண்டாள்.

"சரி, அது பாட்டுக்கு ஓரமா இருந்துட்டுப் போவட்டும்."